முழங்கால் தேய்மான வலிக்கு மஞ்சளும் மூலிகையும்: சேலத்துக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குகையிலும் அம்மாபேட்டையிலும் குழித்தறியில் கால் மிதித்தே வயதானவர்கள், செவ்வாய்ப்பேட்டையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கொலுசு பற்றவைத்தவர்கள், ஏற்காட்டுச் சரிவுகளில் காப்பிப் பழம் பறித்துக் கூடை சுமந்தவர்கள் என்று மூன்று பேரைக் கேட்டுப் பாருங்கள். வேலை வேறு வேறு, வயதானபின் பிடித்துக்கொள்ளும் இடம் ஒன்றுதான். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, படி இறங்க முடியவில்லை என்பார்கள். வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, கிட்னிக்கு ஆகாது என்கிறார்கள், ஆபரேஷன் என்றால் பயம். அப்புறம் எல்லோரும் வந்து நிற்பது மஞ்சளிலும் மூலிகையிலும்தான்.

அப்படி வந்து நிற்பதில் தவறே இல்லை. ஆனால் எதை எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துகொண்டு இறங்க வேண்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மஞ்சள் வலியைக் கொஞ்சம் குறைக்கும், தேய்ந்த ஜவ்வை, அதாவது மூட்டின் குருத்தெலும்பை, வளர்க்காது. வலி கொஞ்சம் குறைந்திருக்கும் அந்தக் காலத்தைப் பிடித்துக்கொண்டு தொடைத் தசையை வலுவாக்குகிறவர்களுக்குத்தான் மூலிகையால் முழுப் பலன். இந்த வழிகாட்டியின் படிகள் எல்லாம் அந்த எண்ணத்தில்தான் போகின்றன.

முதல் படி: தேய்மானம்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

முழங்கால் வலி எல்லாமே தேய்மானம் ஆகிவிடாது. தேய்மான வலிக்கு ஒரு போக்கு உண்டு. நடந்தால், படி ஏறி இறங்கினால் கூடும். உட்கார்ந்து ஓய்வெடுத்தால் குறையும். காலையில் எழுந்ததும் முழங்கால் இறுகினாற்போல் இருக்கும், ஆனால் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். மடக்கி நீட்டும்போது நறநறவென்று சத்தம் கேட்கலாம். பெரும்பாலும் 45, 50 வயதுக்கு மேல் தொடங்கும். சித்த மருத்துவத்தில் இதை அழல் கீல் வாயு என்ற பெயரில் பார்க்கிறார்கள்.

இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்தால், கை விரல் மூட்டுகளும் சேர்ந்து வீங்கினால், அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வேறு மருந்து, தாமதித்தால் மூட்டே கோணிப்போகும். ஒரு முழங்கால் மட்டும் திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கீழே விழுந்தபின் கால் ஊன்றவே முடியவில்லை என்றாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் படுத்த நிலையிலும் வலித்தாலும் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். எக்ஸ்ரே எடுப்பதாக இருந்தால் நின்றபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். உடம்பின் பாரம் மூட்டில் இறங்கும்போதுதான் இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். கூடவே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கல்லீரல் பரிசோதனை, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். கல்லீரலும் சர்க்கரையும் ஏன் என்று ஆறாம் படியில் புரியும்.

இரண்டாம் படி: தொடங்கும் முன் ஒரு வாரம் குறித்து வையுங்கள்

நாள்காட்டித் தாளின் ஓரத்தில் எழுதினாலே போதும். தினமும் ஒரே வேலையைச் செய்யும்போது வலி பத்துக்கு எவ்வளவு என்று ஓர் எண். மாடிப்படி இறங்குவதோ, பால் வாங்கத் தெருமுனை வரை போவதோ, எதுவாக இருந்தாலும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மான வலி தானாகவே ஏறி இறங்கும் குணம் உள்ளது. மழைக்காலத்தில் ஒரு வாரம் வாட்டிவிட்டு, மருந்தே இல்லாமல் அடுத்த வாரம் அடங்கும். அந்த நேரம் பார்த்து எதைச் சாப்பிட்டிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். எழுதி வைத்திருந்தால் மட்டுமே எது உண்மையான பலன் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாம் படி: மஞ்சளால் எவ்வளவு முடியும் என்று அறிந்துகொள்ளுங்கள்

மஞ்சளின் நிறத்துக்கும் அதன் மருந்துக் குணத்தில் பெரும்பகுதிக்கும் காரணம் குர்குமின் என்ற பொருள். மூட்டுக்குள் அழற்சியைத் தூண்டிவிடும் வேதிப்பொருள்களை அது ஓரளவு அடக்குகிறது.

தாய்லாந்தில் 2014ல் வெளியான ஓர் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குத் தினம் 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறு மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு 1,200 மில்லிகிராம் இபுப்ரோஃபென் என்ற வலி மாத்திரை. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது வலி குறைந்ததில் இரண்டும் ஏறக்குறைய சமம்; வயிற்றுத் தொந்தரவு மஞ்சள் பிரிவில் குறைவு. ஆஸ்திரேலியாவில் 2020ல் வந்த இன்னொரு ஆய்வு சிறியது, 70 பேர்தான், ஆனால் கவனமாகச் செய்யப்பட்டது. 12 வாரம் மஞ்சள் சாறு எடுத்தவர்களுக்கு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட வலி நூற்றுக்கு ஒன்பது புள்ளி அளவு கூடுதலாகக் குறைந்தது. ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூட்டில் கட்டிய நீரும் குறையவில்லை, குருத்தெலும்பும் மாறவில்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். "ஜவ்வு திரும்ப வளரும்" என்று யாராவது மஞ்சளை விற்றால் நம்ப வேண்டாம். வலி குறையலாம். பத்தில் ஏழாக இருப்பது ஆறாகவோ ஐந்தாகவோ ஆகலாம். படி இறங்கவே பயந்தவருக்கு அந்த ஓர் எண் பெரிய விஷயம்.

இன்னொன்றும் கவனியுங்கள். இந்த ஆய்வுகளில் கொடுத்தது செறிவூட்டிய சாறு, சமையல் மஞ்சள்தூள் அல்ல. நல்ல மஞ்சளிலேயே குர்குமின் நூற்றுக்கு 2 முதல் 5 பங்குதான். ஒரு டீஸ்பூன் தூள் சுமார் 3 கிராம். அதில் குர்குமின் 60 முதல் 150 மில்லிகிராம்தான். தாய்லாந்து ஆய்வில் கொடுத்த அளவைச் சமையல் தூளிலிருந்து பெற வேண்டுமானால் தினம் பத்து ஸ்பூனுக்கு மேல் தின்ன வேண்டியிருக்கும். அது நடக்காது, நடக்கவும் கூடாது.

நான்காம் படி: நல்ல மஞ்சள் வாங்குங்கள்

சேலத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. மஞ்சள் விளைகிற பூமியிலேயே இருக்கிறோம். பக்கத்து ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் லீ பஜாரில் மூட்டை மூட்டையாக மஞ்சள் வந்து இறங்குகிறது. தை பிறந்ததும் அறுவடை தொடங்கிவிடும். வேகவைத்துக் காயவைத்த புது மஞ்சள் மாசி, பங்குனியில் கடைக்கு வரும். ஒரு வருடத்துக்கு வேண்டியதை அப்போது வாங்கிவிடுவது நல்லது.

பாக்கெட் தூளைவிட முழு மஞ்சளை வாங்கி அரைப்பதையே நான் சொல்வேன். கடையில் "பாலிஷ் போடாத விரலி குடுங்க" என்று கேளுங்கள். குண்டு மஞ்சளும் சாப்பிட உகந்ததுதான், ஆனால் விரலிதான் அரைக்கச் சுலபம். கஸ்தூரி மஞ்சள் முகத்துக்குப் பூசுவது, அதை வாங்கிவந்து பாலில் போடாதீர்கள்.

ஒரு விரலியை எடுத்து ஒடித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது என்றால் டக்கென்று உடையும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, சீக்கிரம் பூசணம் பிடிக்கும். உடைந்த இடம் ஆரஞ்சு கலந்த மஞ்சளில், மெழுகு பூசினாற்போல் மினுமினுக்க வேண்டும். மேல்தோல் மங்கலான மண் நிறத்தில் இருப்பதே இயல்பு. தோல் பளீர் மஞ்சளாக இருந்து, கையில் தேய்த்தால் உடனே நிறம் ஒட்டினால் அதை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள்.

காரணம் காரீயம். மஞ்சளுக்குப் பளபளப்பு வரட்டும் என்று லெட் குரோமேட் என்ற காரீயச் சாயத்தைச் சில இடங்களில் பாலிஷ் போடும்போது சேர்க்கிறார்கள். வங்கதேசத்தில் கர்ப்பிணிகளின் ரத்தத்தில் இருந்த காரீயம் மஞ்சளிலிருந்து வந்தது என்று 2019ல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் விஷம் அது. மூட்டு வலிக்கென்று தினமும் மஞ்சள் எடுப்பவர் தினமும் காரீயமும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்?

வீட்டில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி முழு விரலியைப் போடுங்கள். உடனே நிறம் கரைந்து இறங்கினால் சாயம் பூசியது. தூள் என்றால் ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் தூவி, கலக்காமல் விடுங்கள். சுத்தமான தூள் அடியில் படியும், மேல் தண்ணீர் வெளிர் மஞ்சளாக இருக்கும். தண்ணீர் முழுக்க அடர்த்தியான மஞ்சளாகிவிட்டால் சந்தேகப்படுங்கள். இந்தச் சோதனை எல்லாக் கலப்படத்தையும் பிடிக்காது, ஆனால் மோசமானதைக் காட்டிக்கொடுக்கும்.

வாங்கியதைக் கழுவி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைத்து, உரலில் ஒன்றிரண்டாக இடித்து மில்லுக்குக் கொடுங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். தூளை ஆறவைத்து, வெளிச்சம் படாத டப்பாவில் வையுங்கள். வெளிச்சத்தில் குர்குமின் சிதைந்துபோகும்.

ஐந்தாம் படி: எப்படி, எவ்வளவு எடுப்பது

இரண்டு வழி. ஒன்று சமையல் அளவு, இன்னொன்று மருந்து அளவு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சமையல் அளவு என்றால் நாள் ஒன்றுக்கு அரையிலிருந்து ஒரு டீஸ்பூன். குர்குமின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் பாலிலோ, எண்ணெய் விட்டுத் தாளிக்கும் குழம்பிலோ சேர்ந்தால்தான் உடம்பில் கொஞ்சமாவது ஏறும். ராத்திரிப் பாலுக்கு ஒரு டம்ளர் பாலில் அரை டீஸ்பூன் மஞ்சள்தூள், தட்டிய மிளகு மூன்று நான்கு போட்டு, சிறு தீயில் ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். பனங்கற்கண்டு சுவைக்குச் சேர்க்கலாம், சர்க்கரை நோயாளிகள் அதையும் தவிர்த்துவிடுங்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் ரசத்திலேயே மஞ்சளும் மிளகும் சேர்த்துச் சாப்பிட்டால் போதும்.

மிளகு ஏன் என்றால், அதில் உள்ள பைப்பரின் குர்குமினைக் கல்லீரல் உடனே வெளியேற்றிவிடாமல் தடுக்கிறது. பெங்களூருவில் செய்து 1998ல் வெளியிட்ட ஆய்வில், 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது ரத்தத்தில் ஏறிய அளவு 20 மடங்கு கூடியது. ஏற்காட்டில் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் எல்லாம் மிளகுக் கொடிதான் ஏறியிருக்கிறது. மேலே போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், புது மிளகின் காரமே தனி.

மருந்து அளவு என்பது செறிவூட்டிய குர்குமின் மாத்திரை. ஆய்வுகளில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு அல்லது மூன்று வேளை, நான்கு முதல் பன்னிரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். இதைத் தானாகத் தொடங்காதீர்கள். சித்த மருத்துவரோ அலோபதி மருத்துவரோ உங்களைப் பார்க்கிற ஒருவரிடம் கேட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பின் தினம் இரண்டு வேளை என்று தொடங்குங்கள். அரசு மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சித்தா பிரிவு இருக்கிறது, காசு செலவில்லாமல் ஆலோசனை கிடைக்கும். லேபிளில் எத்தனை மில்லிகிராம் குர்குமினாய்டு (குர்குமின் வகைப் பொருள்கள்) என்று எழுதாத மாத்திரையை வாங்காதீர்கள். பைப்பரின் சேர்த்திருக்கிறதா என்பதையும் பாருங்கள், அது அடுத்த படிக்குத் தேவை.

ஆறாம் படி: யார் எடுக்கக் கூடாது

"மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்ற பேச்சை விட்டுவிடுவோம். குழம்பில் போடும் மஞ்சளால் பயமில்லை. செறிவூட்டிய மாத்திரையின் கதை வேறு. இத்தாலியில் 2019ல் மஞ்சள் மாத்திரை எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைப் பின்தொடரும் குழு பத்துப் பேரின் நிலையை ஆராய்ந்து, மஞ்சள் மாத்திரைதான் காரணம் என்று சொன்னது. ஒரு குறிப்பிட்ட மரபணு வகை உள்ளவர்களிடம் இது அதிகம் வந்தது. பைப்பரின் சேர்த்த மாத்திரைகளும் அதில் இருந்தன. ஆஸ்திரேலிய அரசு 2023ல் எச்சரிக்கையே வெளியிட்டது. இது அரிதுதான். ஆனாலும் மாத்திரை எடுக்கும்போது சிறுநீர் அடர் நிறமாகப் போனால், கண் மஞ்சளானால், சாப்பாடு பிடிக்காமல் குமட்டினால், உடம்பு அரித்தால் அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் மது குடிப்பவர்கள் மாத்திரைப் பக்கமே போக வேண்டாம்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் எடுக்கிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். ரத்தக் கசிவு கூடலாம். பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கு மஞ்சள் பித்தப்பையைச் சுருங்கவைத்து வலியைக் கிளப்பும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு இன்னொரு தொல்லை, மஞ்சளில் கல்லுக்குக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம். சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்கலாம், முதல் இரண்டு வாரம் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். பைப்பரின் குர்குமினை மட்டுமல்ல, வேறு மருந்துகளையும் ரத்தத்தில் தேங்க வைக்கும். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுப்பவர்கள் பைப்பரின் சேர்த்த மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். ரத்தசோகை உள்ளவர்களுக்கும் சொல்ல வேண்டும்: அதிக அளவு மஞ்சள் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

ஏழாம் படி: மலையிலும் சந்தையிலும் கிடைப்பவை

ஏற்காடு போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். வழியோரக் கடைகளில் பழுப்பு நிறத்தில், புசுபுசுவென்று ரோமம் போர்த்தின ஆட்டுக்கால் போல ஒரு கிழங்கைக் குவித்து வைத்திருப்பார்கள், பக்கத்தில் சூப் கொதித்துக்கொண்டிருக்கும். முடவாட்டுக்கால். மண்ணுக்கு அடியில் விளைவது அல்ல இது. மரத்திலும் பாறையிலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணியின் தண்டு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் மலைவாழ் மக்கள் காலங்காலமாக மூட்டு வலிக்கும் உடம்பு வலிக்கும் இதைத்தான் காய்ச்சிக் குடிக்கிறார்கள்.

வாங்கி வந்தால் செய்வது சுலபம். கத்தியால் ரோமத்தையும் தோலையும் சுத்தமாகச் சுரண்டிவிடுங்கள். கொஞ்சம் ரோமம் தங்கினாலும் தொண்டையில் உறுத்தும். வழுவழுப்பான உட்பகுதியை விரல் நீளத்துக்கு எடுத்துச் சன்னமாக அரிந்து நசுக்கிக்கொள்ளுங்கள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, மஞ்சள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை, கொத்தமல்லி சேர்த்து நான்கு டம்ளர் தண்ணீர் இரண்டாகச் சுண்டும் வரை கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். ஆட்டுக்கால் சூப்பின் வாடையே வரும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள்.

பலன் எப்படி? விலங்குகளிடம் நடந்த ஆய்வுகளில் வலியும் வீக்கமும் குறைந்திருக்கின்றன. மனிதர்களிடம் மஞ்சளுக்கு நடந்த அளவு சோதனை இதற்கு நடக்கவில்லை. அதனால் வாரம் இரண்டு முறை சூப்பாகக் குடியுங்கள், மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே நம்பாதீர்கள். கர்ப்பிணிகள் வேண்டாம். இன்னொரு வேண்டுகோள்: தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மரத்திலிருந்து மொத்தமாக உரித்துவிட்டால் அது திரும்ப வளர வருடங்கள் ஆகும், மூட்டை கட்டிக்கொண்டு போகிற அளவுக்கு மலையில் அது இல்லை.

முடக்கத்தான் கீரை சேலத்து உழவர் சந்தைகளில் கிடைக்கும், வேலியோரத்திலும் படர்ந்திருக்கும். ஒரு கைப்பிடி இலையைத் தோசை மாவோடு அரைத்துச் சுட்டால் குழந்தைகள்கூடச் சாப்பிடும். அதிகம் போனால் வயிற்றைக் கலக்கும், முதல் நாள் கொஞ்சமாகத் தொடங்குங்கள். பிரண்டை என்றால் இளந்தண்டாகப் பார்த்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நார் உரியுங்கள். எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்தால்தான் நாக்கு அரிக்காது. இரண்டுமே நல்ல உணவு. இவற்றுக்கும் மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு இல்லை, ஆனால் வாரத்தில் இரண்டு நாள் கீரையாகச் சேர்ப்பதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது.

ஆய்வுச் சான்றில் மஞ்சளுக்கு அடுத்து நிற்பது சலாய் மரத்துப் பிசின், பாஸ்வெல்லியா என்று மாத்திரையாக விற்பது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2014ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தேய்மான வலியில் இது சிறிதளவு உதவுகிறது என்று முடிவு சொன்னது. மஞ்சள் ஒத்துக்கொள்ளாதவர்கள் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும்.

எட்டாம் படி: ஒத்தடமும் தைலமும்

தேய்மான இறுக்கத்துக்குச் சூடு இதமானது. நொச்சி இலையை இரண்டு கை அள்ளி, விளக்கெண்ணெய் விட்டு இரும்புச் சட்டியில் வதக்கி, பருத்தித் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். உங்கள் முன்கையில் முதலில் வைத்துச் சூடு பாருங்கள், பிறகு முழங்காலைச் சுற்றி கால் மணி நேரம் ஒற்றி எடுங்கள். உடற்பயிற்சிக்குச் சற்று முன்னால் செய்தால் இரட்டைப் பலன். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தபின்தான் தெரியும். அவர்களுக்கு இன்னொருவர்தான் கை வைத்துப் பார்த்து ஒற்ற வேண்டும். மூட்டு சிவந்து வீங்கியிருக்கும் நாட்களில் சூட்டை நிறுத்திவிட்டு, துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வையுங்கள்.

பிண்டத் தைலம், கற்பூராதி தைலம் போன்றவற்றை மெல்லத் தடவினால் போதும். மூட்டை முறுக்கி இழுத்துவிடும் ஆட்களிடம் தேய்ந்த முழங்காலைக் கொடுக்காதீர்கள். எருக்கம் இலையை வாட்டிக் கட்டுகிறவர்கள் அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்வையே மங்கிவிடும். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் போடும் பற்று சுளுக்குக்குச் சொல்வது; வயதானவர்களின் மெல்லிய தோல் அதில் வெந்துபோகும்.

மாத்திரை வேண்டாம் என்கிறவர்கள் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஜெல்லையும் ஒதுக்க வேண்டியதில்லை. மேலே தடவுவதால் வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேரும் அளவு மிகக் குறைவு. மிளகாயின் காரப் பொருளான கேப்சைசின் சேர்த்த கிரீமும் முழங்கால் வலிக்கு உதவுகிறது. தடவியபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: தொடைத் தசை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் பாதிப் பலன்தான். முழங்காலைத் தாங்குவது தொடையின் முன்பக்கத் தசை. வலிக்கிறதே என்று நடக்காமல் இருந்தால் அது மெலியும், மெலிந்தால் பாரம் முழுவதும் மூட்டில் இறங்கும், வலி இன்னும் கூடும்.

கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதை முழங்காலால் கீழே அழுத்துங்கள். தொடை இறுகுவது தெரியும். ஐந்து எண்ணிவிட்டு விடுங்கள். பத்து முறை. பிறகு ஒரு காலை மடக்கி, இன்னொன்றை நேராக ஓர் அடி உயரத்துக்குத் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள், அதுவும் பத்து முறை. ஒரு வாரம் பழகியபின் நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். முடியாவிட்டால் நாற்காலியின் மேல் ஒரு தலையணை போட்டு உயரம் கூட்டிக்கொள்ளலாம். செய்யும்போது இலேசான வலி இருந்தால் பரவாயில்லை. மறுநாள் வரை நீடித்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ராத்திரி மஞ்சள் பாலை மறக்காத வீடுகளில் காலையில் இந்தப் பயிற்சியையும் மறக்காமலிருக்க வேண்டும்.

எடையும் சேர்த்துப் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் முழங்காலில் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. தறியிலும் பட்டறையிலும் வேலையை விட முடியாதவர்கள் அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நாலு அடி நடங்கள். சம்மணத்தையும் குந்தி உட்காருவதையும் முடிந்தவரை தவிருங்கள், கழிப்பறையில் மேலைநாட்டு உட்காரும் பீங்கான் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் இருப்பவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலி கொடுக்கும். கைத்தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடித்துப் பக்கவாட்டாக இறங்குங்கள்.

பத்தாம் படி: பெயர் தெரியாத பொடியை ஒதுக்குங்கள்

"மூணு நாள்ல நடக்க வைக்கும்" என்று லேபிளே இல்லாத பொட்டலத்தில் பொடியும் மாத்திரையும் விற்கிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மூலிகை எதுவும் மூன்று நாளில் வலியை அடியோடு எடுக்காது. எடுத்தால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் தின்றவர்களுக்கு முகம் வட்டமாக உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எகிறும், தோல் மெலிந்து தொட்டாலே கன்றிப்போகும், எலும்பு பஞ்சாகும். உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒன்றை நெடுநாளாக எடுத்துக்கொண்டிருந்தால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு டாக்டரிடம் அழைத்துப் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார்.

பதினொன்றாம் படி: ஆறு வாரம் கழித்துக் கணக்குப் பாருங்கள்

இரண்டாம் படியில் எழுதிய எண்ணையும் இப்போதைய எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். இப்போதைய எண் குறைந்திருந்தால் மஞ்சள் மாத்திரை உங்களுக்கு ஒத்துவருகிறது, பன்னிரண்டு வாரம் வரை தொடர்ந்துவிட்டு ஓர் இடைவெளி விடுங்கள். இடையில் ஒருமுறை கல்லீரல் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எண் அசையவே இல்லை என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தக் காசைப் பிசியோதெரபிக்குச் செலவிடுங்கள். குழம்பிலும் பாலிலும் போடும் மஞ்சள் எப்போதும்போல இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் நூறடி நடக்க முடியவில்லை, ராத்திரி தூக்கம் கெடுகிறது, கால் வில்லாக வளைந்துகொண்டே போகிறது என்றால் எலும்பு மருத்துவரிடம் மூட்டு மாற்று ஆபரேஷன் பற்றிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. தள்ளிப்போடத் தள்ளிப்போடத் தசை மெலிந்து, ஆபரேஷனுக்குப் பின் எழுந்து நடப்பதுதான் கஷ்டமாகும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போய், அதில் வழி உண்டா என்று கேளுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும் மஞ்சள் மாத்திரை, பொடி, லேகியம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ரத்தக் கசிவு கூடாமலிருக்க, மஞ்சள் மாத்திரையை ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.